நெல்லைச் சீமையின் நாள்குறிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் நான் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பள்ளியின் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அந்தந்த நாளில் திருநெல்வேலிச் சீமையில் முன்பு நடந்த ஒரு செய்தியைக் காலைதோறும் அதில் எழுதி வருகிறேன். பிள்ளைகளும், அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோரும், பூ வாங்கப் போகிற ஆச்சிமாரும் நின்று படித்துவிட்டுக் கேட்கிற கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

தூத்துக்குடியிலும் தென்காசியிலும் நடந்தவற்றை நெல்லைக் கணக்கில் எழுதுவது சரியா?

சரிதான் என்பது என் முடிவு. இன்றைய மாவட்ட எல்லையை மட்டும் பிடித்துக்கொண்டால் பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் கயத்தாறும் மணியாச்சியும் குற்றாலமும் பட்டியலை விட்டு வெளியே போய்விடும். தூத்துக்குடிப் பகுதி 1986 அக்டோபர் 20 அன்றும், தென்காசிப் பகுதி 2019 நவம்பர் 22 அன்றும் தனி மாவட்டங்களாயின. அதற்கு முந்தைய நிகழ்ச்சிகள் அனைத்தும் நடந்தபோது அந்த ஊர்கள் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவையாகவே இருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் சிவகாசியும்கூட 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை நம்முடையவையே.

இதற்கு நேர்மாறான ஓர் ஊரும் உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போதுதான் அது திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. ஆகவே, செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911-இல் மணியாச்சிக்குப் புறப்பட்டபோது, சமஸ்தானத்து எல்லையைக் கடந்தே பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிக்குள் வந்திருக்கிறார்.

மாவட்டத்திற்குப் பிறந்தநாள் என்று ஒன்று உண்டா?

கிழக்கிந்தியக் கம்பெனி திருநெல்வேலி மாவட்டத்தை அமைத்த நாள் 1790 செப்டம்பர் 1 என்று அரசு ஆவணங்கள் குறிக்கின்றன. மாநகராட்சி 1994-இல் அமைந்தது. ஆனால் ஊரின் பெயருக்குக் காரணமான நிகழ்ச்சிக்கு ஆண்டுக் கணக்கே கிடையாது. வேதபட்டர் நிவேதனத்திற்காக உலரவைத்த நெல்லை மழை அடித்துச் செல்லாமல் இறைவன் வேலியிட்டுக் காத்த கதை அது. நெல்லையப்பர் கோயிலில் அதனைத் தை மாதத்தில் விழாவாகவே நடத்துகிறார்கள். எனவே தை மாதம் வருகிறபோது அதையும் பலகையில் எழுதுகிறேன். ஆண்டு எழுதுகிற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிடுகிறேன்.

பழைய பத்திரங்களில் உள்ள கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக மாற்றுவது எப்படி?

நெல்லைச் சீமையில் பழைய நாள் ஒன்றைத் தேடுகிற எவரும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் பகுதிக் கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் கிரயப் பத்திரங்களிலும் கி.பி. 825-இல் தொடங்கும் கொல்லம் ஆண்டு மிகுதியாகப் புழங்கியது. மலையாள நாட்டின் வடபகுதியில் அந்த ஆண்டு கன்னி மாதத்தில் பிறந்தது. நமக்கும் தென் திருவிதாங்கூருக்கும் அது ஆவணி முதல் நாளில் பிறக்கும்.

ஆவணி முதல் மார்கழி நடு வரை, அதாவது ஆங்கில டிசம்பர் முடியும்வரை, கொல்லம் ஆண்டோடு 824-ஐக் கூட்ட வேண்டும். சனவரி பிறந்ததிலிருந்து ஆடி முடியும்வரை 825-ஐக் கூட்ட வேண்டும். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799 அக்டோபர் கொல்லம் 975-இல் வருகிறது. ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பிய 1801 பிப்ரவரி கொல்லம் 976 தை மாதத்தில் வருகிறது.

இந்த நுட்பம் தெரியாமல் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். ஐப்பசி மாதத்துப் பத்திரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு 825-ஐக் கூட்டி, ஓராண்டு தள்ளி எழுதிவிட்டேன். அன்று சாயங்காலம் அந்த வழியாக வந்த முதிய பத்திர எழுத்தர் ஒருவர் பலகையின் முன் நின்று விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு, "அண்ணாச்சி, ஐப்பசிக்கு ஒண்ணு கொறையணும்லா, ஒரு வருசம் கூட்டிப் போட்டிருக்கிய" என்றார். அழித்துவிட்டு, அவர் கையிலேயே சாக்கட்டியைக் கொடுத்துத் திருத்தி எழுதச் சொன்னேன். அன்றுமுதல் மாதம் தெரியாத எந்தக் கொல்லம் ஆண்டையும் நான் மாற்றி எழுதுவதில்லை.

ஆனித் தேரோட்டத்தை ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு தேதியில் எழுதுவது ஏன்?

நெல்லையப்பர் கோயில் ஆனிப் பெருந்திருவிழாவின் நாள்கள் நட்சத்திரக் கணக்கில் அமைகின்றன. கொடியேறிய ஒன்பதாம் நாள் தேர் ஓடும். அது 2024-இல் ஜூன் 21 அன்றும், 2025-இல் ஜூலை 8 அன்றும் வந்தது. சுமார் 450 டன் எடை என்று சொல்லப்படும் சுவாமி தேரை நான்கு ரத வீதிகளிலும் மனிதர்கள் கையால் மட்டுமே இழுக்கிறார்கள். 2024-ஆம் ஆண்டுத் தேரோட்டத்தில் வடங்கள் அடுத்தடுத்து அறுந்தன. வேறு வடம் கட்டி இழுக்க வேண்டியிருந்ததை ஊரே நின்று பார்த்தது. அறுந்த வடத்தின் முனை, பிரித்துப் போட்ட தென்னங்கதம்பை போலச் சிலிர்த்துக் கிடந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பெண்களை நான் அருகிலிருந்து பார்த்தேன். இந்த நிகழ்ச்சியை ஜூன் 21-இலும் எழுதலாம், ஆனித் தேரன்றும் எழுதலாம். நான் தேரன்றே எழுதுகிறேன்.

பிப்ரவரி 2 அன்று எழுதும் "விருந்து நாள்" என்பது என்ன?

எனக்கு மிகவும் விருப்பமான நாள் அது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட பின், அவருடைய தம்பி ஊமைத்துரையும் உறவினரும் பாளையங்கோட்டைக் கோட்டைக்குள் சிறைவைக்கப்பட்டார்கள். ஒன்றேகால் ஆண்டு கழித்து, 1801 பிப்ரவரி 2, திங்கட்கிழமை. கம்பெனியின் படை முப்பது மைல் தொலைவில் சங்கரன்கோவிலில் முகாமிட்டிருந்தது. பாளையங்கோட்டையிலிருந்த ஆங்கிலேய அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களுமாகச் சுமார் இருபது பேர், மேஜர் மெக்காலே தங்கியிருந்த தோட்ட வீட்டில் இரவு விருந்துக்குக் கூடியிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் சிறை உடைந்தது.

உள்ளே அம்மை நோய் கண்டிருந்ததால், கைதிகளின் விலங்குகள் தளர்த்தப்பட்டிருந்தன. வெளியே அவர்களுடைய ஆட்கள் மாறுவேடத்தில் கோட்டையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். விறகுக் கட்டுகளில் ஆயுதங்களை ஒளித்துக் கொண்டுவந்தார்கள் என்பது நம் பக்கத்துக் கதைப்பாடல் மரபு. காவலரை மடக்கி ஆயுதங்களைப் பறித்துக்கொண்டு வெளியேறியவர்கள் இரவோடு இரவாகப் பாஞ்சாலங்குறிச்சியை நோக்கி விரைந்தார்கள். தரைமட்டமாக்கப்பட்டிருந்த கோட்டையைச் சில நாள்களுக்குள் மண்ணைக் குழைத்து மீண்டும் எழுப்பினார்கள். இரவும் பகலும் மண் சுமந்த அந்த ஊர்மக்களில் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லையே என்ற வருத்தம், அந்த வரியை எழுதும்போதெல்லாம் எனக்கு வரும். மார்ச் 31 அன்று கம்பெனிப் படை நடத்திய தாக்குதலை அந்தக் கோட்டை தாங்கி நின்றது. மே 24 அன்றுதான் விழுந்தது.

இந்த விவரங்களில் பெரும்பகுதி, அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்ற ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் நினைவுக் குறிப்புகளிலிருந்தே நமக்குக் கிடைக்கிறது. பேச்சுக் குறைபாடுடைய ஊமைத்துரையைத் தெய்வத்துக்கு இணையாக அவர் ஆட்கள் மதித்ததையும், சைகையாலேயே அவர் படை நடத்தியதையும் வியந்து எழுதியவரும் அந்த அதிகாரியே.

அக்டோபர் 16 அன்று இரண்டு செய்திகள் எழுதுவது ஏன்?

1799 அக்டோபர் 16, புதன்கிழமை, கயத்தாறில் பாளையக்காரர்களை வரவழைத்து நிற்கவைத்து, அவர்கள் கண்முன்னே வீரபாண்டிய கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டார் மேஜர் பானர்மேன். அதிலிருந்து சரியாக 107 ஆண்டுகள் கழித்து, 1906 அக்டோபர் 16 அன்று, வ.உ.சிதம்பரனாரின் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு பெற்றது. 25 ரூபாய்ப் பங்குகள் 40,000, மூலதனம் 10 லட்சம் ரூபாய், தலைவர் பாண்டித்துரைத் தேவர். முந்தைய ஆண்டு அதே நாளில் வங்காளப் பிரிவினை நடைமுறைக்கு வந்திருந்தது. கட்டபொம்மன் நாளை மனத்தில் வைத்துப் பதிவு செய்தார்கள் என்று சிலர் மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்வதற்குச் சான்று எதையும் நான் பார்த்ததில்லை. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படி இணைந்து வரும் இன்னொரு நாள் செப்டம்பர் 5. பாஞ்சாலங்குறிச்சியின் மீது பானர்மேனின் முதல் தாக்குதல் 1799-இல் அந்த நாளில் நடந்தது. 1872-இல் அதே நாளில், அதற்கு அருகிலுள்ள ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்தார்.

மார்ச் 13-இல் திருநெல்வேலியில் என்னதான் நடந்தது?

இதனைப் பிப்ரவரி 27-இலிருந்து தொடங்கினால்தான் விளங்கும். 1908-இல் அன்று தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். ஊரே தொழிலாளர் பக்கம் சாய்ந்தது. ஆங்கிலேயர் பக்கம் பேசிய வக்கீல் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், அவருடைய நிலைப்பாட்டைக் கேட்டறிந்ததும் பாதி முகத்தோடு அவரை விட்டுவிட்டு எழுந்துபோனார். பலகையில் இந்தச் செய்தியை எழுதும் நாளில் பிள்ளைகள் கூட்டம் கூடிவிடும். ஒரு நாள் கூலியையும், அதற்கு மேல் தன் பிழைப்பையும் பணயம் வைத்து அந்த மனிதர் கத்தியை மடக்கினார் என்பதை அவர்களுக்கு மறக்காமல் எடுத்துச் சொல்வேன். வேலைநிறுத்தம் வெற்றியோடு முடிந்தது.

வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடும் கூட்டங்களை அடுத்து, மாவட்ட ஆட்சித் தலைவர் விஞ்ச் அழைத்ததன்பேரில் திருநெல்வேலி வந்த வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் மார்ச் 12 அன்று கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை. கடைகள் அடைத்துக் கிடந்தன. இந்துக் கல்லூரி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். நகராட்சி அலுவலகமும் தபால் நிலையமும் காவல் நிலையமும் தீக்கிரையாயின. நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கில் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு குற்றச்சாட்டுகளுக்குமாக 40 ஆண்டுத் தண்டனை விதித்தார். பின்னர் மேல்முறையீட்டில் அது குறைந்தது.

மார்ச் 13-ஐச் சிலர் "கலவரம்" என்கிறார்கள். ஆங்கிலேய அரசின் கோப்புகளில் உள்ள சொல் அது. நான் "நெல்லை எழுச்சி" என்றே எழுதுகிறேன்.

ஆஷ் கொல்லப்பட்ட இடம் மணியாச்சியாக அமைந்தது எப்படி?

ரயில் கால அட்டவணைதான் காரணம். மதுரை–தூத்துக்குடிப் பாதையும், மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு வரும் கிளையும் 1876-ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருந்தன. திருநெல்வேலியிலிருந்து வடக்கே போகிறவர்கள், தூத்துக்குடியிலிருந்து வரும் மெயில் வண்டிக்காக மணியாச்சியில் காத்திருந்தாக வேண்டும். 1911 ஜூன் 17, சனிக்கிழமை காலை, மாவட்ட ஆட்சித் தலைவர் ஆஷ் தம் மனைவியுடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டு, முதல் வகுப்புப் பெட்டியில் அப்படிக் காத்திருந்த சில நிமிடங்களில் வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறிச் சுட்டார். பிறகு நடைமேடைக் கழிப்பறைக்குள் போய்த் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது. நிலையத்திற்கு இப்போது வாஞ்சி மணியாச்சி என்று பெயர்.

சுலோசன முதலியார் பாலத்திற்குப் பிறந்தநாள் கொண்டாடுவது உண்மையா?

உண்மை. 1843 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டதாகக் கொண்டு, ஊர்க்காரர்கள் அந்த நாளில் பாலத்திற்கு மரியாதை செய்கிறார்கள். அதற்கு முன் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணியைப் படகில்தான் கடக்க வேண்டும். கோடையில் இறங்கி நடந்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் கரையிலேயே கிடக்க வேண்டியதுதான். ஆட்சித் தலைவர் தாம்சன் பாலம் கட்ட முனைந்தபோது, அந்த அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அலுவலராக இருந்த சுலோசன முதலியார் மொத்தச் செலவையும் தாமே ஏற்றார். அது ஏறத்தாழ அரை லட்சம் ரூபாய். அவருடைய மனைவி தம் நகைகளைத் தாம்பாளத்தில் வைத்து முன்வந்து கொடுத்தார் என்று நம் வீடுகளில் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். ஹார்ஸ்லி என்ற பொறியாளர் பதினொரு கமான் வளைவுகளோடு கட்டினார். 1869 வெள்ளத்தில் ஒரு பகுதி சேதமடைந்து செப்பனிடப்பட்டது. பிற்காலத்தில் அகலப்படுத்தப்பட்ட அந்தப் பாலத்தின்மேல்தான் இன்றும் பேருந்துகள் ஓடுகின்றன. திருநெல்வேலி சந்திப்பு ரயில் நிலையத்திற்குக்கூட முன்பு "திருநெல்வேலி பாலம்" என்றே பெயர்.

பாரதியார் மறைந்தது செப்டம்பர் 11-ஆ, 12-ஆ?

எட்டயபுரத்தில் பிறந்து, திருநெல்வேலியில் படித்து, கடையத்தில் பெண்ணெடுத்தவர் என்பதால் பாரதியாரும் நம் பட்டியலில் இருக்கிறார். 1921-இல் திருவல்லிக்கேணியில் அவர் உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி அளவில். ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவோடு நாள் மாறிவிடுவதால், சென்னை மாநகராட்சிப் பதிவேட்டில் செப்டம்பர் 12 என்று இருக்கிறது. நம் பஞ்சாங்கக் கணக்கில் அடுத்த சூரியோதயம் வரை முந்தைய நாள்தான். உடனிருந்து இரவெல்லாம் விழித்திருந்தவர்களுக்கு அது 11-ஆம் தேதி இரவே. அரசு மகாகவி நாளாக அறிவித்திருப்பதும் செப்டம்பர் 11-ஐத்தான். நான் இரண்டு நாளும் எழுதுகிறேன், மணியையும் சேர்த்து. நாள் எப்போது தொடங்குகிறது என்ற கேள்வியைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

டிசம்பர் 17 வெள்ளத்தைச் சிலர் 18 என்கிறார்களே?

அதற்கும் இதே விளக்கம்தான், இன்னொரு வகையில். வானிலைத் துறையின் மழைநாள் காலை எட்டரை மணிக்குத் தொடங்கி மறுநாள் எட்டரை மணிக்கு முடிகிறது. 2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று பெய்த மழை 18-ஆம் தேதிக் காலைக் கணக்கில் பதிவானது. காயல்பட்டினத்தில் அந்த 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது.

அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி, தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டதால் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதில் ஏறத்தாழ 800 பயணிகள் இருந்தார்கள். ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளியில் தங்கவைக்கப்பட்டார்கள். எஞ்சியவர்கள் வெளியேற 19-ஆம் தேதி ஆகிவிட்டது. தங்கள் வீடுகளிலும் தண்ணீர் நின்ற நிலையில், பக்கத்திலுள்ள புதுக்குடி மக்கள் இருந்த அரிசியைப் பொங்கி அந்தப் பயணிகளுக்குக் கொடுத்தார்கள். பாலம் கட்டியவர் பெயருக்கு அருகில் அந்த ஊரின் பெயரையும் எழுத வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஜூலை 23 போன்ற துயர நாள்களைப் பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் எழுதலாமா?

எழுதத்தான் வேண்டும். 1999-இல் அந்த நாளில், கூலி உயர்வும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலமாக வந்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களோடு வந்தவர்களும் காவல்துறையின் தடியடியில் சிதறி ஆற்றுக்குள் இறங்கினார்கள். 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. அந்த நாளில் வேறு எந்தச் செய்தியையும் நான் சேர்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் பழைய கடிதமும் கல்யாணப் பத்திரிகையும் இருக்கின்றன. கொண்டுவரலாமா?

அவசியம் கொண்டுவாருங்கள். ஓலையானாலும் காகிதமானாலும் மடிப்பைப் பிரிக்க முயலாமல், இருக்கிறபடியே ஒரு வேட்டித் துணியில் சுற்றி எடுத்துவாருங்கள். நாள், மாதம், ஆண்டு எழுதியிருக்கும் பகுதியை உங்கள் முன்னிலையிலேயே படம் எடுத்துக்கொண்டு, அப்போதே திருப்பித் தந்துவிடுவேன். பள்ளி விடும் நான்கரை மணிக்குமேல் பலகைக்கு அருகிலுள்ள வேப்பமரத்தடித் திண்ணையில்தான் இருப்பேன். செவ்வாய்க்கிழமைகளில் பத்திர எழுத்தரும் வருவார்.